ஒட்டுக்கொம்பு

யானைக்கு நாலு கால் வைத்ததில் கடவுளுக்கு ஒன்றும் சிரமம் இருந்திருக்காது. அவ்வளவு பெரிய உடம்பில் இடமா இல்லை. எள்ளில் பாதிகூட வராத ஒரு மணல் வண்டுக்கு ஆறு கால் வைத்து, ஒவ்வொரு காலுக்கும் ஒரு முழங்கால் வைத்து, சுடுமணலில் புதைந்துவிடாமல் நடக்கப் பாதத்தைச் சுற்றி முடிவேலி வைத்து, இரண்டு நகத்தையும் மறக்காமல் வைத்தானே, அதை நினைத்துத்தான் கொம்பையா தினமும் காலையில் லென்சைத் துடைப்பதற்கு முன்னால் கையெடுத்துக் கும்பிடுவார். செத்துக் கிடக்கும் பூச்சியிடமும் வாய்க்குள் ஒரு வார்த்தை சொல்லுவார்.

"மன்னிச்சுக்கம்மா. நீ யாருன்னு தெரிஞ்சுக்கத்தான்."

கொம்பையா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஊர் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் கடைசிக் கட்டடமாக நிற்கும் பூச்சி ஆபீசில் வைத்த பெயர். பாலைவனத்திலிருந்து சாக்குச் சாக்காக வரும் மணலைச் சலித்து, அதில் கிடக்கும் பொடிப் பூச்சிகளைப் பொறுக்கி, இன்னது இன்ன வகை என்று பிரித்து வைப்பதுதான் அந்த ஆபீசின் வேலை. பூச்சியின் தலையில் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்பை அங்கே எல்லோரும் கொம்பு என்றுதான் சொல்லுவார்கள். கொம்பில் எத்தனை கணு, கடைசிக் கணு கூராக இருக்கிறதா மொட்டையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதி அடையாளம் கிடைத்துவிடும். மீதி அடையாளம் முதுகு ஓட்டின் தோளிலும் பின்னங்காலின் முள்ளிலும் இருக்கும். கொம்பு எண்ணி எண்ணியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. வாசல் காவல்காரரிலிருந்து அதிகாரி அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவர் கொம்பையாதான். நிஜப் பெயர் என்ன என்று கேட்டிருந்தால் அந்த ஆபீசில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒருவரும் கேட்டதும் இல்லை.

அந்த அறையில் இரண்டு மேசைகள். ஒன்று பசை மேசை. அங்கே மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து, முக்கோணமாக வெட்டிய பொடி அட்டையின் நுனியில் ஒரு புள்ளி பசை வைத்து, பூச்சியை அதில் ஒட்டி, அட்டையில் ஊசி குத்தி நிறுத்துவார்கள். மற்றது லென்சு மேசை. வடக்கு ஜன்னலை ஒட்டி வெளிச்சம் பார்த்துப் போட்டது. அது கொம்பையாவுடையது. ஜன்னல் இடுக்கில் எத்தனை ஈரத்துணி திணித்தாலும் மணல் வந்துவிடும். மேசையில் மணல், தண்ணீர்ப் பானையில் மணல், பேசும்போது பல்லிலும் மணல்.

பசை மேசையில் நடுவில் உட்கார்ந்திருந்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் கூடப் பிறந்த தம்பி. இடது கைக்காரன். இவர்தான் சொல்லி அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். வாய்க் கொழுப்பைத் தவிர மற்றபடி வேலைக்காரன்தான்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. காய்ந்த பூச்சியின் கொம்பு தும்மினாலே உதிர்ந்துவிடும். உதிர்ந்த கொம்பைத் திரும்பத் தலையில் ஒட்டக் கூடாது. அதே அட்டையில் உடம்புக்குப் பக்கத்தில் தனியாக ஒட்டி வைக்க வேண்டும். ஒன்றின் கொம்பு இன்னொன்றின் தலைக்குப் போய்விட்டால், உலகத்தில் இல்லாத ஒரு பிராணியை மனுஷன் உண்டாக்கினவன் ஆகிறான். "செத்தவனுக்கு வேற ஒருத்தன் தலையை வச்சுப் புதைக்கிற மாதிரி" என்பார் அதிகாரி அம்மா. திருடினவனைக்கூட அந்த ஆபீசில் மன்னித்திருக்கிறார்கள். கொம்பு ஒட்டினவனை மன்னித்ததில்லை.

கொம்பையாவுக்குப் பிள்ளை இல்லை. ஆபீசுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் அவரும் மனைவியும். அடுத்த வீட்டில் மைத்துனனும் அவன் மனைவியும் மூன்று பிள்ளைகளும். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் பிள்ளைகள் அழுவதும் அடிபடுவதும் சிரிப்பதும் இந்தப் பக்கம் அட்சரம் பிசகாமல் கேட்கும். கடைக்குட்டிப் பெண் மட்டும் தினமும் அத்தையிடம் தலை பின்னிக்கொள்ள வந்துவிடும்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா. "இத்தனை வருஷம் ஆச்சு, வயித்துல ஒரு புழு பூச்சி உண்டா?" என்று மனைவியை முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவளுக்கு வயசு தாண்டி, இனி இல்லை என்று ஆன பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது. அதை ஆபீசுக்குக் கொண்டுவந்தது மைத்துனன்.

"அத்தான் பாக்காத புழு பூச்சியா? இந்த டப்பா பூராவும் அத்தானோட பிள்ளைங்கதானே" என்றான் ஒருநாள், பசைக் குச்சியால் பூச்சி டப்பாக்களைக் காட்டி.

பசை மேசை சிரித்தது. கொம்பையாவும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் வலித்தது தெரிந்துபோகும்.

இதற்கிடையில் கண்ணில் கோளாறு வந்தது. முதலில் விளக்கைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு பூச்சியின் மேல் பால் தெளித்த மாதிரி. சரியாகத் தெரியவில்லையே என்று விளக்கைக் கூட்டினால் பால்தான் இன்னும் வெள்ளையாகும். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரை அவர் மறக்கவில்லை. அந்த மனிதருக்கும் கண்தான் போயிற்று. கைகுலுக்கி, நாலு நல்ல வார்த்தை பேசி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கொம்பையா ஒருதரம் பார்க்கப் போனபோது அந்த மனிதர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, மடியில் சிந்தின சோற்றை விரலால் தடவித் தடவி எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணின விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது போல.

அதனால் கொம்பையா வாயைத் திறக்கவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தார். சந்தேகமான பூச்சி வந்தால் மைத்துனனைக் கூப்பிடுவார்.

"இங்க வாடா. இதுல எத்தனை கணு தெரியுது, சொல்லு பாப்போம்."

அவன் குனிந்து பார்த்துச் சொல்லுவான். "சரி, தேறிட்ட" என்று தலையாட்டிவிட்டு அதன்படியே பிரித்து வைப்பார். வேலை கற்றுக்கொடுக்கிற மாதிரி இருக்கும். பார்க்கிறவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த வண்டு வந்தது காற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில். தினமும் நூறு வருகிற சாதாரண மணல் வண்டுதான். முதுகு ஓட்டின் தோள் அதேதான், பின்னங்கால் முள்ளும் அதேதான். ஆனால் தலையில் என்னவோ வித்தியாசம். இந்த வண்டுக்குக் கொம்பு நூல் மாதிரி ஒரே சீராகப் போகும். இதில் நுனி தடித்திருப்பதாக அவருடைய பால் கண்ணுக்கே தெரிந்தது. காட்டிக்கொள்ளாமல் கூப்பிட்டார்.

"இங்க வாடா. இந்தக் கொம்பு எப்படி இருக்கு, சொல்லு பாப்போம்."

மைத்துனன் வந்து குனிந்தான். சற்று நேரம் பார்த்தான்.

"கடைசி மூணு கணுவும் உருண்டு திரண்டு இருக்கு அத்தான். கதாயுதம் மாதிரி."

"ரெண்டு கொம்புலயுமா?"

"ரெண்டுலயும். ஏன் அத்தான், இப்படி ஒண்ணு இதுவரைக்கும் வந்ததே இல்லையா?"

"நீ போய் உன் வேலையப் பாரு" என்றார்.

கொம்பையா பார்த்ததை அங்கே யாரும் மறுபடி லென்சில் பார்ப்பதில்லை. அவர் சொன்ன அடையாளத்தை வைத்தே இருக்கிற புத்தகத்தை எல்லாம் அதிகாரி அம்மா புரட்டிப் பார்த்தார். அந்த உடம்புக்கு அந்தக் கொம்பு எங்கேயும் இல்லை. புதிய வகைதான் என்றால் அதற்குப் பெயர் வைக்கத் தலைமை ஆபீசிலிருந்து ஒருவர் வருவார். பூச்சிகளுக்குப் பெயர் வைப்பதே அவருடைய வேலை. பெயர் வைக்கிறவர் என்றுதான் இங்கே சொல்லுவார்கள். வருஷத்துக்கு ஒருதரம் வருவார். மெல்லப் பேசுவார். மணலுக்குப் பயந்து கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே நடப்பார்.

"கண்டுபிடிச்சவர் பேரையே வைக்கச் சொல்லிக் கேக்கப்போறேன். உங்க பேர் என்ன கொம்பையா?" என்றார் அதிகாரி அம்மா.

கொம்பையாவுக்குச் சட்டென்று பெயர் வாய்க்கு வரவில்லை. யோசித்துச் சொன்னார். அந்த அறையில் அது ஒலித்தது அதுதான் முதல் தடவை. பசை மேசையில் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மைத்துனன் மட்டும் பார்த்த வேகத்தில் குனிந்துகொண்டான். அத்தானின் பெயரை அவன் கல்யாணத்தன்று கேட்டதோடு சரி.

அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி துணியிலிருந்து மணலை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"என் பேர் வைக்கப்போறாங்க."

"எதுக்கு?"

"ஒரு வண்டுக்கு."

"என்னங்க இது, பூச்சிக்கா உங்க பேரு?"

"பூச்சிக்குத்தான். ஆனா அது அழியாது. நான் போனாலும், நீ போனாலும், எந்த மூலையில எவன் அந்த வண்டைப் பார்த்தாலும் என் பேரைத்தான் சொல்லணும். பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லைன்னு கேட்டாங்களே, புழு பூச்சி இல்லைன்னு உன்னைக் கேட்டாங்களே. ஒரு பூச்சி வந்திருக்கு பாரு."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. மறைப்பதற்குச் சிரித்தாள்.

"ஆணா பொண்ணா?"

அவரும் சிரித்துவிட்டார். "வயித்தைத் திறந்து பாத்தாத்தான் தெரியும். இருக்கறது ஒண்ணே ஒண்ணு, திறக்க விடமாட்டேன்."

பெயர் வைக்கிறவர் வருகிற வரைக்கும் அவர் தினமும் அந்த வண்டு இருந்த டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். திறந்தால் தெரிவது ஒரு பழுப்புப் புள்ளி. அதுவே அவருக்குப் போதும். பிள்ளை தூங்குகிறதா என்று தொட்டில் துணியை விலக்கிப் பார்க்கிற மாதிரி. கடவுளிடம் இதுவரைக்கும் எதுவும் கேட்டறியாதவர், அந்த நாட்களில் கேட்டார். பெயர் வைக்கிற வரைக்கும் கண் போகாமல் இருக்கட்டும் என்று கேட்டார்.

பெயர் வைக்கிறவர் வந்தார். லென்சோடு ஒரு திரையை இணைத்திருந்தார்கள், எல்லோரும் பார்க்கட்டும் என்று. அன்று ஆபீசே அந்த அறையில் வந்து நின்றது, காவல்காரர் உட்பட. திரையில் வண்டு ஆமை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது என்று பிறகு சொன்னார்கள். கொம்பையாவுக்குத் தெரிந்தது வெள்ளை வெளேரென்று ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

பெயர் வைக்கிறவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் வெந்நீர் குடுங்க" என்றார்.

குடிக்கத்தான் கேட்கிறார் என்று காவல்காரர் டம்ளரைக் கழுவினார். பெயர் வைக்கிறவரோ ஒரு மெல்லிய தூரிகையை வெந்நீரில் தோய்த்து, ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, வண்டின் தலையில் விட்டார். அந்த ஆபீசின் பசை வெந்நீருக்கு இளகும். கடவுள் ஒட்டியது இளகாது.

அறை முழுக்க ஒரு "அய்யோ" எழுந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் கொம்பையா.

திரையில் ஒரு கொம்பு தலையைவிட்டுக் கழன்று தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அவர் இன்னும் புன்னகை மாறாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார்.

"என்ன ஆச்சு, யாராவது சொல்லுங்களேன்."

பெயர் வைக்கிறவர் தூரிகையைக் கீழே வைத்தார். "ஒண்ணு போதும். இன்னொண்ணு சாட்சிக்கு அப்படியே இருக்கட்டும்" என்றார். பிறகு பசை மேசைப் பக்கம் திரும்பினார். "இதை ஒட்டினது யாரு?"

இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். மைத்துனன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி. யார் ஒட்டினாலும் இந்த லென்சைத் தாண்டித்தான் வந்திருக்கு" என்று கொம்பையாவிடம் திரும்பினார். மரியாதையாகவே கேட்டார், குரல் உயர்த்தாமல். "ஐயா, தலைக்கும் கொம்புக்கும் நடுவுல பசை திட்டுத் திட்டா நிக்குது. நேத்து வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். ரெண்டுல ஒண்ணுதான். இதை ஒட்டினதே நீங்களா? இல்ல, ஒட்டியிருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

கொம்பையா யோசித்தார். தெரியவில்லை என்று சொன்னால் கண் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்த மாதிரி. சுவரைப் பார்த்துக்கொண்டு மடியில் சோறு எண்ணின மனிதர் கண்முன் வந்தார். அதோடு இன்னொரு பயமும் இருந்தது. அதற்கு முந்தின நாட்களில் அவர் கைபட்டு ஒரு கொம்பு உதிர்ந்தது உண்மை. அதை அவர் எடுத்து அட்டையில்தான் ஒட்டினார். அட்டையில்தானே ஒட்டினோம்? பால் மூடிய கண்ணுக்கு அட்டை எது, தலை எது? ஒருவேளை தன் கையேதான் இதைச் செய்ததோ?

"கேட்டது காதுல விழுந்துச்சா, ஐயா?"

"நான்தான் ஒட்டினேன்" என்றார் கொம்பையா.

அதிகாரி அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயர் வைக்கிறவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பேர் ஒண்ணு வைக்கணும்னு இவ்வளவு தூரம் வந்துட்டேன். வெறுங்கையோட போக வேணாம். ஒட்டுக்கொம்புன்னு வச்சுக்குங்க."

ஒரு சிரிப்பு கிளம்பியது, பிறகு எல்லோரும். முதலில் சிரித்தது யார் என்று கொம்பையாவுக்குத் தெரிந்தது. கண்தான் மங்கல், காது நன்றாகவே கேட்கும். சொந்தக்காரன் ஆயிற்றே, கூடச் சிரிக்காவிட்டால் அவனையும் சந்தேகப்படுவார்கள் என்று சிரிக்கிறான் பாவம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டார்.

வேலையைவிட்டு அனுப்பவில்லை. நரைத்த தலையைப் பார்த்து அந்த மட்டும் இரங்கினார்கள். பின்கட்டில் பாட்டில் கழுவுகிற அறைக்கு மாற்றினார்கள். பூச்சியை ஊறவைத்த பாட்டில்களைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். சீக்கிரமே விரல் நுனி எல்லாம் தோல் உரிந்துவிட்டது. லென்சு மேசைக்கு மைத்துனன் போனான். கணு எண்ணத் தெரிந்தவன் அவன்தானே இருந்தான். அத்தானே அல்லவா பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார்.

வீட்டிலும் அவர் அதையேதான் சொன்னார். "நான்தான் ஒட்டினேன். புத்தி கெட்டுப்போச்சு." மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். "சாப்பிடுங்க" என்றாள். வாய் வார்த்தையாகக்கூட ஏன் என்று கேட்காத அவள் பெருந்தன்மையை நினைத்து அன்று அவர் கண்ணீர் விட்டார்.

பெயர் மட்டும் நின்றுவிட்டது. முதலில் முதுகுக்குப் பின்னால். "ஒட்டுக்கொம்பு எங்கப்பா, பாட்டில் தீர்ந்துபோச்சு." பிறகு முகத்துக்கு நேராக. பிறகு அது கேலிகூட இல்லை, வெறும் பெயர். காவல்காரர் அன்போடுதான் கூப்பிடுவார், "வாங்க ஒட்டுக்கொம்பு, டீ குடிச்சீங்களா?" கொம்பையா என்று ஒருவர் இருந்ததே மறந்துபோயிற்று.

ஒருநாள் மைத்துனன் பாட்டில் அறை வாசலில் வந்து நின்று ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"அத்தான், இதுல எத்தனை கறை தெரியுது, சொல்லுங்க பாப்போம்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கொம்பையா பாட்டிலை வாங்கி மறுபடி கழுவினார். எந்தக் கறையும் அவருக்குத் தெரியவில்லை.

பாட்டில் கைதவறி உடைந்து உள்ளங்கை கிழிந்த பிறகு மனைவி சொன்னாள், "கண்ணைக் காட்டலாம், கிளம்புங்க." கையைத்தானே கிழித்துக்கொண்டேன், கண்ணை ஏன் காட்ட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கூட வாழ்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று எண்ணிக்கொண்டார்.

கண் டாக்டர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "புரைதான். முத்திப் போயிருக்கு. ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க? அப்பவே எடுத்திருந்தா மறுவாரமே ஊசியில நூல் கோத்திருக்கலாமே."

எடுத்தார்கள். கட்டு அவிழ்த்ததும் அவர் முதலில் பார்த்தது தன் விரல்களை. பிறகு மனைவியின் முகத்தை. இவ்வளவு சுருக்கம் எப்போது வந்தது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். சுவரில் கீறல், தரையில் எறும்பு, எறும்பின் கொம்பில் முழங்கை மாதிரி மடக்கு, எல்லாம் தெரிந்தது. அவர் கேட்டதைக் கடவுள் கொடுத்துவிட்டார். கேட்ட நேரத்துக்குத்தான் கொடுக்கவில்லை.

ஆபீசுக்குத் திரும்பியபோது அதிகாரி அம்மா கருப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"கண்ணா? அப்ப அன்னைக்கு..." அவருக்குப் புரிந்துபோயிற்று. நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவி மனுஷா. தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லீவு குடுத்து அனுப்பி, மறுபடியும் அதே நாற்காலியில உக்கார வச்சிருப்பேனே. கண்ணு போனா வைத்தியம் இருக்கு. ஒட்டினேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னவரை நான் எப்படித் திரும்ப லென்சுகிட்ட விடறது? மேல என்னன்னு பதில் சொல்லுவேன்?"

"முன்னால இருந்தவரை அனுப்பிட்டீங்களே அம்மா."

"அவருக்கு நரம்பே செத்துப்போச்சு. அது வேற, இது வேற."

கொம்பையா தலையை ஆட்டிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். வழியில் வாசல் பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தித்தான் முதல் பாடம் சொல்லுவார்கள். உள்ளே அந்த வண்டு. கீழே பெரிய எழுத்தில் "ஒட்டுக்கொம்பு. இப்படிச் செய்யக் கூடாது." பக்கத்திலேயே பார்ப்பதற்கு ஒரு கைலென்சு கட்டித் தொங்கவிட்டிருந்தது.

அவர் அதைக் கையில் எடுத்தார். தன் பிள்ளையின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார்.

பசை உருகின மெழுகு மாதிரி தலையோரம் பளபளத்தது. இதைப் போய்ப் புதிய வகை என்று சொன்னோமே என்று காது மடல் சுட்டது. சாட்சிக்கு விட்டுவைத்த கொம்பு இன்னும் அப்படியே இருந்தது. பழக்கதோஷம், அவர் கண் தானாக அடையாளம் தேடியது. பசை வைத்துவிட்டுக் குச்சியை விலக்கும்போது ஒரு மெல்லிய நூல் இழுபடும். காய்ந்ததும் வால் மாதிரி நிற்கும். வலது கைக்காரர் வைத்தால் அந்த வால் வலப்பக்கம் சாயும். இத்தனை வருஷத்தில் லட்சம் பூச்சி பார்த்திருக்கிறார், ஒன்று தப்பாது. அவருடைய கையும் வலதுதான்.

இந்த வால் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நுனியில் ஒரு சின்னச் சுருள். குச்சியை விலக்குமுன் ஒரு சுழற்று சுழற்றுகிறவன் பசை மேசையில் ஒருத்தன்தான் இருந்தான். அந்தச் சுழற்று வேண்டாம்டா, பசை வீணாகும் என்று அவரே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

லென்சைத் தொங்கவிட்டார். அன்று கழுவ வேண்டிய பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மனைவி அடுப்படியில் இருந்தாள். முதுகு இந்தப் பக்கம்.

"அந்த வண்டை இன்னைக்குப் பாத்தேன்" என்றார்.

அவள் கரண்டி நின்றது.

"ஒட்டினது உன் தம்பி கை."

அவள் திரும்பாமலே சொன்னாள். "தெரியும்."

கொம்பையா அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டார்.

"எப்போலேருந்து?"

"அன்னைக்கே. நீங்க வரதுக்கு முன்னாடியே சுவருக்கு அந்தாண்டயிருந்து கூப்பிட்டுச் சொன்னான். வேற பூச்சியோட கொம்பை எடுத்து விளையாட்டுக்குத்தான் ஒட்டினானாம். அத்தானுக்குக் கண்ணு தெரியல, பரீட்சை வைக்கற மாதிரி என் பார்வையை இரவல் வாங்கறாரு, ஒருநாள் மாட்டி வச்சு எல்லாருமா சிரிக்கலாம்னு பாத்தானாம். நீங்க பேர் வரைக்கும் போனதும் சொல்ல வாய் வரலையாம். அழுதான்."

"அழுதானா."

"அழுதான்தான். அப்புறம் இங்க ஓடி வந்து என் கால்ல விழுந்தான். நான் உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க உள்ள வந்ததும், நான்தான் ஒட்டினேன்னு என்கிட்டயே பொய் சொன்னீங்க. அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?"

"ஆபீசுல போய்ச் சொல்லியிருக்கலாம். என் பேராவது மிஞ்சியிருக்கும்."

அப்போதுதான் அவள் திரும்பினாள். கோபமில்லை. ரொம்ப நாளாக மனசுக்குள் கணக்குப் பார்த்து முடித்த முகம் அது.

"சொன்னா அவன் வேலை போயிருக்கும். அவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்குங்க. நமக்கு என்ன இருக்கு?"

கொம்பையா அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். காலடி மணலில் ஒரு வண்டு போய்க்கொண்டிருந்தது. லென்சு இல்லாமலே அதன் கொம்பு தெரிந்தது, நூல் மாதிரி, ஒரே சீராக. விரலை நீட்டி வழிமறித்தார். அது விரலில் ஏறி, நகத்தைத் தாண்டி, மறுபக்கம் இறங்கித் தன் வழியே போயிற்று. யார் பார்வையும் வேண்டாமல், யார் பேரும் இல்லாமல்.

பக்கத்து வீட்டிலிருந்து கடைக்குட்டி ஓடி வந்து உள்ளே நுழைந்தது. உள்ளே அத்தை என்னவோ சொன்னாள். பின்னாத தலையோடு திரும்பி வாசலுக்கு வந்தது. கொஞ்ச காலமாக வீட்டில் அப்பா சொல்லி அது கேட்டது ஒரே பெயர்தான். கள்ளம் கபடம் இல்லாத குழந்தை. தோளைத் தொட்டுக் கூப்பிட்டது.

"ஒட்டுக்கொம்பு மாமா, அத்தை சாப்பிடக் கூப்பிடறாங்க."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. அவள் ஏதாவது சொல்லுவாள், குழந்தையை ஒரு வார்த்தை அதட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். மறுபடி கரண்டி ஓடத் தொடங்கியது.

"வரேன்மா" என்றார்.